இடமாகச் சுற்றிய குதிரை

பேய், காத்துக் கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பகலில் மில்லில் ஃபிட்டர் வேலை, சாயங்காலம் படிப்பகத்தில் பகுத்தறிவுப் பேச்சு, வீட்டில் குழந்தை கையில் கட்டிய மந்திரக் கயிற்றைக்கூட அறுத்துப்போட்டவன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன் என்பதற்காகவாவது முழுசாகக் கேளுங்கள், அப்புறம் சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

கோயமுத்தூரைத் தாண்டிப் பல்லடம் போகிற வழியில், ஒரு வறண்ட குளத்தோரமாக எங்களுக்கென்று குதிரைப் பந்தயத் திடல் ஒன்று இருந்தது. டவுனுக்குள் இருக்கிற ரேஸ்கோர்ஸை நினைத்துவிடாதீர்கள், அது துரைமார் வைத்திருந்த இடம். எங்களுடையது செம்மண்ணில் ஒரு வட்டம், சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டிய வேலி, சைக்கிளில் டீ கொண்டுவருகிற ஒரு ஆள், அவ்வளவுதான். ஓடுகிற குதிரைகளும் வாரமெல்லாம் ஸ்டேஷனில் ஜட்கா இழுக்கிற மட்டக்குதிரைகள். ஞாயிற்றுக்கிழமை வண்டியை அவிழ்த்துவிட்டால் அதே குதிரைகள் காதை விடைத்துக்கொண்டு ராஜா மாதிரி நிற்கும், பார்க்கப் பார்க்க எனக்கு மனசு நிறைந்துவிடும். வாரமெல்லாம் மில்லில் பஞ்சைத் தின்றவன் ஞாயிற்றுக்கிழமை இந்தப் புழுதியைத் தின்ன ஓடுவேன். பந்தயத்துக்கு முந்தின நாள் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து மண்ணை நனைத்துவைக்கிற வேலையை, யாரும் சொல்லாமல் நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் திடலில் ஒரு பழக்கம். கோயிலைச் சுற்றுவது மாதிரி குதிரை வலமாகத்தான் சுற்றும். இடமாகச் சுற்றுவதெல்லாம் சுடுகாட்டில்தான் என்று சொல்லி, பழக்கும்போதுகூட மறுபக்கம் திருப்பமாட்டார்கள். நான் அதையும் கிண்டல் செய்துகொண்டுதான் இருந்தேன்.

என் தம்பி ரங்கன்தான் அங்கே நல்ல ஓட்டக்காரன். ஜட்காக்காரர் ரஹீம் பாயின் செவலைக் குதிரை மைனா, அவன் ஏறினால்தான் ஓடும், அவனுக்கும் வேறு குதிரை கிடையாது. மில்லில் ஆட்குறைப்பில் வேலை போய், அண்ணன் சோற்றைத் தின்கிறேனே என்று உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து, பந்தயக் குதிரை லாயம் வைத்திருக்கிற ஒருவர் அவன் ஓட்டுவதைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. பிடித்துப்போனால் கையோடு கூட்டிப்போய்விடுவார். அவனுக்கு வாழ்க்கையே அதில்தான் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் நான் மட்டும் திடலில் இருக்கிறேன். பொழுது இன்னும் சாயவில்லை, வெயில் மஞ்சளாக இருக்கிறது. முழுக்க நனைத்து முடித்துக் குடத்தைக் கவிழ்த்தபோது எதிர்ப்பக்கம் ஒரு குதிரை ஓடுவது தெரிந்தது. மைனா. மேலே ஒரு ஆள் குனிந்து உட்கார்ந்திருக்கிறான், ரங்கன் கட்டுகிற மாதிரியே தலையில் சிவப்புத் துண்டு. ஆனால் குதிரை இடமாகச் சுற்றி வருகிறது. "டேய், என்ன வெளையாட்டு இது?" என்று கத்தினேன். அவன் திரும்பவே இல்லை. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் என்னைத் தாண்டிப் போனான், நம்பினால் நம்புங்கள், குளம்புச் சத்தமே இல்லை. காற்று மட்டும் என் வேட்டியைத் தூக்கியது. ரோட்டை ஒட்டிய வளைவில் மைனா தலைகுப்புற விழுந்து, அவன்மேல் புரண்டதை இந்தக் கண்ணால் பார்த்தேன். அலறிக்கொண்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. நனைத்த மண் நனைத்தபடியே கிடக்கிறது, ஒரு குளம்புத் தடம் கிடையாது.

சைக்கிளை மிதித்து உக்கடத்தில் பாய் வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. தம்பி உயிரோடு இருக்கிறானா என்பது ஒன்றுதான் மண்டையில் ஓடியது. பாய் லாயத்து வாசலில் உட்கார்ந்து சேணத்து வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். உள்ளே ரங்கன் மைனாவுக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தான். "இவங்க ரெண்டு பேரும் எப்ப பாய் திடலுக்குப் போனாங்க?" என்று கேட்டேன்.

"மத்தியானத்துல இருந்து நான் இந்த வாசல விட்டு எந்திரிக்கலீங்க தம்பி. ரெண்டு பேரும் உள்ளதான் இருக்காங்க" என்றார் பாய்.

பார்த்ததைச் சொன்னேன். ரங்கன் சிரித்தான். "ஏனுங்ணா, படிப்பகத்துல பேசுற ஆளு நீங்கதானுங்களா?"

பாய் சிரிக்கவில்லை. மைனாவின் முன்னங்காலைத் தூக்கி விளக்குக்குக் காட்டினார். லாடத்துக்குள் செம்மண் சேறு, ஈரம் காயாமல் அப்பியிருந்தது. ஊரில் மழை பெய்து பல மாதமாகிவிட்டது, தெருவெல்லாம் காய்ந்து கிடந்தது. பாய் காலை மெதுவாகக் கீழே விட்டார்.

"நாளைக்கு மைனா ஓடாது கண்ணு."

ரங்கன் கெஞ்சினான், காலில் விழுந்தான், கடைசியில் என் பக்கம் திரும்பினான். "பேய்க்கதை சொல்லி என்ற பொழப்பக் கெடுத்துப்போட்டீங்களே, நல்லா இருங்ணா." அந்தச் சொல் இன்னமும் எனக்குள் குத்துகிறது.

மறுநாள் பெங்களூர்க்காரர் வந்தார், விஷயத்தைக் கேட்டு நமட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். மைனா இல்லாமல் பந்தயம் தொடங்கியது. ரங்கன் ரோட்டு வளைவு வேலியோரம் என் முகத்தைப் பார்க்காமல் நின்றான். ஒன்றும் நடக்காவிட்டால் இவன் முகத்தில் எப்படி விழிப்பேன், நடந்துவிட்டால் அதை எப்படிப் பார்ப்பேன். குதிரைகள் வழக்கம்போல வலமாகத்தான் வந்தன. வளைவுக்கு வந்ததும் முதல் குதிரை சட்டென்று விலகியது. அடுத்ததும் விலகியது. வந்த குதிரையெல்லாம் அந்த ஒரே இடத்தை மிதிக்காமல், கீழே கிடக்கிற ஆளைச் சுற்றிப் போவது மாதிரி ஒதுங்கி ஒதுங்கிப் போயின. அங்கே வெறும் மண்தான் இருந்தது. "நாங்க கடிவாளத்த இழுக்கவேயில்லீங்க" என்று ஓட்டியவர்கள் எல்லோரும் அப்புறம் சொன்னார்கள். ரங்கனின் கை வந்து என் கையைப் பிடித்தது, சில்லென்று இருந்தது.

அதற்குப்பிறகு திடலுக்குக் கூட்டம் குறைந்து, பந்தயமே நின்றுபோனது. எனக்கு அது இன்றும் வருத்தம்தான். பிறகு ரோட்டை அகலப்படுத்தியபோது அந்த வளைவின்மேலேயே தார் போட்டுவிட்டார்கள். ரங்கன் லைசென்ஸ் எடுத்து இப்போது அதே ரோட்டில் பஸ் ஓட்டுகிறான், கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிறது.

போன மாதம் அவன் பஸ்ஸில் பல்லடம் போனேன். பட்டப்பகல், ரோடு காலியாக இருந்தது. அந்த இடம் வந்ததும் வண்டியை மெதுவாக்கி, ஸ்டீயரிங்கை ஒடித்து, எதையோ சுற்றிப் போகிற மாதிரி ஒதுக்கி ஓட்டினான். கண்டக்டரோ மற்றவர்களோ கண்டுகொள்ளவில்லை, தினமும் இப்படித்தான் போலிருக்கிறது. குனிந்து அவன் காதருகே, "ஏண்டா, ரோட்டுல ஒண்ணுமில்லையே?" என்றேன்.

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"அங்க கெடக்கற என்ற மேலயே எப்படீங்ணா வண்டிய ஏத்தறது?"