ஐஸ் ஆலையில் கூடிய பணிப்பாளர் சபை

நான் கொழும்பில் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் சேர்ந்த நாளிலிருந்து தர்மபுரத்தில் இருந்த என் அம்மாவுக்குத் தொல்லை தொடங்கியது. மகளுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களிடம், நான் சொல்லிக்கொடுத்தபடியே "கோப்பரேட் லோயர்" என்பார். கேட்பவர்களின் காதில் அது கோப்பரேட்டிவ், அதாவது கூட்டுறவுச் சங்கம், என்று விழும். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா எனக்குப் போன் எடுத்து, "தங்கச்சி, உங்கட சங்கக் கடையில சீனி வந்திட்டுதோ?" என்றார். நான் கம்பனிகளுக்கு வேலை செய்யும் சட்டத்தரணி என்று விளக்கினேன்.

"அப்ப கோட்டுக்குப் போறேல்லையோ?"

"இல்லை அக்கா."

"பரவாயில்லை, போகப் போகச் சரிவரும்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வைத்தார்.

எங்கள் நிறுவனம் வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைத் தோட்டங்களுக்குப் பத்திரம் எழுதித் தொடங்கியது. தோட்டங்கள் கைமாறிய பிறகு வங்கிகள் வந்தன. பின்னர் ஹோட்டல்களும் டெலிபோன் கம்பனிகளும் வந்தன. மாடிப்படி நெடுகிலும் பழைய பங்காளர்களின் படங்கள் தொங்கின. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அங்கே யாரும் குரலை உயர்த்துவதில்லை. "முடியாது" என்று யாரும் சொல்வதுமில்லை, "அதைப் பரிசீலிப்போம்" என்பார்கள். கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பச்சை நாடாவால் கட்டுவார்கள். முடிச்சு எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதைக்கூட எனக்கு ஒருவர் பழக்கினார்.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் அறுபதைத் தாண்டிய ஒரு சிங்களப் பெண்மணி. எல்லோருக்கும் அவர் மேடம். படிக்கட்டுப் படங்களில் ஒன்று இறங்கி வந்து கதிரையில் அமர்ந்ததுபோல இருப்பார். வங்கித் தலைவர்களே அவர் முன்னால் மேற்சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவரிடம் முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து ஒரு ஐஸ் ஆலை வந்து சேர்ந்ததற்கு, அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்து, பின்னர் கன்னியாஸ்திரியாகி அந்தக் கரையில் பணிசெய்துவந்த ஒரு சிநேகிதிதான் காரணம்.

ஆலை இரண்டு சகோதரர்களுடையது. மீனவர்களுக்கு ஐஸ் செய்து விற்றார்கள். இருவர் மட்டுமே பணிப்பாளர்கள், இருவர் மட்டுமே பங்குதாரர்கள். கடலுணவு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பனி அதை வாங்க வந்தது. விற்க இருவருக்கும் சம்மதம். ஆனால் இருவரும் பேசுவதில்லை. மாதா கோயில் திருவிழாவில் சுரூபத்தைத் தூக்கும்போது முன்பக்கம் யார் பிடிப்பது என்பதில் தொடங்கிய கோபம், பல திருவிழாக்களைக் கடந்தும் ஆறவில்லை. கையெழுத்துக்குக் கொழும்பு வரச் சொன்னால், மற்றவர் வராத நாளில் வருவதாக இருவரும் தனித்தனியே சொன்னார்கள். விற்பனைக்குப் பணிப்பாளர் சபை கூடித் தீர்மானம் எடுக்கவேண்டும். சிநேகிதிக்குக் கொடுத்த வாக்குக்காக மேடமே புறப்பட்டார். மொழிபெயர்க்க நான்.

நாங்கள் போய் இறங்கியபோது அண்ணன் ஆலையின் கந்தோர் அறையில் மேசைக்குப் பின்னால் இருந்தார். தம்பி, சுவருக்கு அந்தப் பக்கம், ஐஸ் உடைக்கும் மெசினுக்குப் பக்கத்தில் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துவிட்டு அதன்மேல் இருந்தார். இரண்டுக்கும் நடுவில், பற்றுச்சீட்டுக் கொடுக்கும் ஒரு சின்ன யன்னல்.

"அவனை இஞ்ச வரச் சொல்லாதேங்கோ பிள்ளை. வந்தால் நான் எழும்பிப் போயிடுவன்" என்றார் அண்ணன்.

"நான் அங்க வாறன் எண்டு ஆர் சொன்னது?" என்று யன்னல் கேட்டது.

மேடம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பணிப்பாளர்கள் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்டால் போதும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டும் என்று சட்டத்தில் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். மெசினை நிறுத்தச் சொன்னார். கேட்கிறதா என்று நான் இரண்டு பக்கமும் கேட்டேன்.

"அவன்ர சத்தம் எனக்குச் சந்தியில நிண்டாலும் கேக்கும்" என்றார் அண்ணன். "இரண்டு பணிப்பாளர்களும் ஒருவரையொருவர் தெளிவாகக் கேட்பதாக உறுதிப்படுத்தினர்" என்று மேடம் குறிப்பில் எழுதினார்.

அதன்பிறகு நான் யன்னலோடு நின்றபடியே மொழிபெயர்த்தேன். தம்பி, "அவருக்கு மண்டைக்குள்ளயும் ஐஸ்தான்" என்றபோது, கனிஷ்ட பணிப்பாளருக்கு மாற்றுக் கருத்து உண்டு என்றேன். அண்ணன் நீளமாக ஏதோ ஏசியபோது, அவர் உடன்படவில்லை என்றேன். உடன்படாமைக்கு இவ்வளவு நேரம் எடுக்குமா என்று மேடம் கேட்டார். தமிழ் கொஞ்சம் நீளமான மொழி என்றேன்.

மெசின் நின்றதால் வெளியில் ஐஸ் வாங்க வந்தவர்கள் பெட்டிகளோடு கூடிவிட்டார்கள். என்ன நடக்கிறது என்று தெரிந்ததும் பாதிப் பேர் அண்ணன் பக்கமும் பாதிப் பேர் தம்பி பக்கமும் பிரிந்துகொண்டார்கள். ஒருவர் மட்டும் எந்தப் பக்கமும் சேராமல், "மீன் பழுதாகுது! விக்கிறதெண்டால் கெதியாய் வித்துத் துலையுங்கோவன்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஒருவழியாக நகர்ந்து கடைசி வாசகத்துக்கு வந்தோம். விற்ற பிறகு ஐந்து வருடத்துக்கு இருவரும் மாவட்டத்துக்குள் ஐஸ் தொழில் எதுவும் செய்யக்கூடாது என்பது வாங்குபவர்களின் நிபந்தனை. நான் வாசித்துக் காட்டினேன்.

"நல்ல விசயம்" என்றார் அண்ணன். "அவனுக்குப் போடுங்கோ. எனக்கு வேண்டாம்."

"அவருக்கு அஞ்சு காணாது. பத்தாப் போடுங்கோ. எனக்குத் தேவையில்லை" என்றது யன்னல்.

எவ்வளவு சொல்லியும் இருவரும் அசையவில்லை. மேடம் பேனா மூடியால் மேசையில் தட்டிக்கொண்டு யோசித்தார். பிறகு ஒரு வரியைச் சேர்த்து எழுதினார்: தடை இருவருக்கும் உண்டு, ஆனால் ஒருவர் தொழில் தொடங்க மற்றவர் எழுத்தில் சம்மதித்தால் அவருக்குத் தடை நீங்கும். அதைக் கேட்டதும் அண்ணனின் முகம் மலர்ந்தது. "அப்ப அவன் என்னட்டக் கேக்கவேணும்!" யன்னலிலும் அதே மகிழ்ச்சி. "அவர் என்னட்டக் கேக்கவேணும், என்ன?"

வாங்குபவர்களின் சட்டத்தரணியை மேடம் போனில் அழைத்து வரியை வாசித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்தது எனக்கே கேட்டது. "இவர்கள் பேசுவதே இல்லையே, தாராளமாகப் போடுங்கள்" என்றார். கையெழுத்தானது. தாள்கள் யன்னல் வழியாகப் போய் ஐஸ் தண்ணீர்ச் சொட்டுகளோடு திரும்பி வந்தன. அன்று நான் முடிச்சை எந்தப் பக்கம் போட்டேன் என்று நினைவில்லை.

அடுத்த வருடம் அண்ணனின் மனைவி எனக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, ஆலையை ஏன் வித்தம் எண்டு இருக்குது. முந்தி இந்த மனுசன் காலமை போய் யன்னலாலை தம்பிக்குக் கேக்கக் கேக்க ஏசிக் கொளுவிப்போட்டு, பொழுதுபட நல்லபிள்ளையா வீட்ட வருவார். இப்ப முழுநாளும் என்னோட கொளுவல். குசினிக்குள்ள வந்து உப்புப் போத்தலை ஏன் இஞ்ச வைச்சனீ எண்டு கேக்கிறார்."

தம்பி வீட்டிலும் இதே நிலைமைதானாம். மனைவிமார் இருவரும் ஒருநாளும் பேச்சை நிறுத்தியவர்கள் இல்லை. சம்மதக் கடிதம் எப்படி இருக்கவேண்டும் என்று கேட்கத்தான் அண்ணனின் மனைவி போன் எடுத்திருந்தார். மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் கடிதத்தின் வாசகத்தைத் தானே சொல்ல, நான் தட்டச்சு செய்தேன். இரண்டு பிரதிகள் போயின, இரண்டும் கையெழுத்தோடு வந்தன. அண்ணன் கடைசியில் பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார்: "அவன் கேட்டபடியால் குடுக்கிறன்." தம்பியும் தன் பிரதியில் அதையே, "அவர் கேட்டபடியால்" என்று எழுதியிருந்தார்.

அதே மாவட்டத்தில் இருக்கும் மல்லாவியில் புதுக் கம்பனி பதிவானது. குச்சி வைத்த ஐஸ்பழம் செய்வார்கள், பக்கத்திலேயே மீனுக்கு ஐஸ்கட்டியும் செய்வார்கள். வாங்கிய கம்பனியின் சட்டத்தரணி கொதித்துக்கொண்டு போன் எடுத்தார். "அவர்கள் பேசுவதில்லை என்றீர்களே!"

"அதை நீங்கள்தான் சொன்னீர்கள்" என்றார் மேடம். "நான் சொல்லவில்லை." போனை வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் பல்லை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

புதுக் கம்பனியின் முதல் கூட்டத்துக்கு நான் மல்லாவிக்குப் போனேன். ஒரே அறை, ஒரே மேசை. எந்த நிறத்தில் ஐஸ்பழம் செய்வது என்பதுதான் பேச்சு. பச்சை என்றார் அண்ணன், சிவப்பு என்றார் தம்பி, இருவரும் மேசையில் அடித்தார்கள். வெளியில் மனைவிமார் நிம்மதியாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். முடிவைச் சட்டத்தரணியான என்னிடம் விட்டார்கள். நீதியாக நடந்துகொள்ள எண்ணி இரண்டு நிறத்திலும் நாக்கில் சாயம் ஒட்ட ஒட்ட மாறிமாறித் தின்றேன். அங்கிருந்தபடியே ஒரு வெளிநாட்டு வங்கியோடு போனில் முகம் பார்த்துப் பேசும் கூட்டமும் எனக்கு இருந்தது. வணக்கம் சொல்ல வாயைத் திறந்ததும் எதிர்ப்பக்கத்தில் எல்லோரும் திரைக்கு அருகே குனிந்து, எனக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று மிகவும் தணிந்த குரலில் விசாரித்தார்கள்.