கல்லும் இல்லை, நாரும் இல்லை

எங்கள் குடும்பத்து ஆண்களுக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முதல் கை பேசும். அப்பா அப்படித்தான், அண்ணை அப்படித்தான். நானும் அப்படித்தான் என்பதை மறைத்துவிட்டு இதை எழுதுவதில் அர்த்தமில்லை. என் இடது முன்கையில் ஏழு தையல் போட்ட தழும்பு ஒன்று இருக்கிறது. அண்ணை வேலி வெட்டும் கத்தியால் போட்டது. அதற்கு முன் அவருடைய கன்னத்தில் அறைந்தது நான். எல்லை வேலியின் கதியால் தடியை ஒரு முழம் என் பக்கம் தள்ளி நட்டார் என்பது என் கட்சி. அப்பா காலத்து இடத்தில்தான் நட்டேன் என்பது அவருடைய கட்சி. ஆஸ்பத்திரியில் மாடு முட்டியதாகச் சொன்னேன். தையல் போட்ட தாதி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உங்கடை மாடு கத்தியும் வைச்சிருக்குதோ?" என்று கேட்டார்.

அதன்பிறகு நாலு வருடம் நாங்கள் கதைக்கவில்லை. வட்டுக்கோட்டைப் பக்கம் அப்பா விட்டுப்போன காணியில் பழைய வீடு அண்ணைக்கு. அதற்குப் பக்கத்தில் இரண்டு அறையும் ஓட்டுக் கூரையுமாக எனக்கொரு வீடு. நான் கலியாணம் கட்டாதவன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் அவர் வலப்பக்க வாங்கிலும் நான் இடப்பக்க வாங்கிலும் இருப்போம். போதகர் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்யத் தொடங்கினால் இரண்டு பேரும் கூரையைப் பார்ப்போம்.

அண்ணி மட்டும் இந்தப் பகைக்குள் வரவில்லை. எனக்கு டெங்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்த பத்து நாளும் வேலியில் இருந்த இடைவெளிப் பொட்டுக்குள்ளால் மூடி போட்ட சட்டியில் கஞ்சி வந்தது. அண்ணை தோட்டத்துக்குப் போன பிறகு வரும். அண்ணிக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு, மூச்சிழுப்பு நோய். மாரி தொடங்கினால் அவருடைய மூச்சு இழுப்பது எங்கள் பக்கம் வரைக்கும் கேட்கும். அந்த நாட்களில் அவர் கதைக்கும்போது ஒரு வசனத்துக்கு இரண்டு தரம் நின்று மூச்செடுப்பார்.

பழைய வீட்டின் கூரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அது முழுக்கச் சீற், நெளிநெளியான சாம்பல் நிறத் தகடு. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது ஷெல் விழுந்து பாதிக் கூரை நிலத்தில் கிடந்தது. உடைந்த துண்டுகளை அப்பா வீணாக்கவில்லை. மழைக்குச் சேறாகிற ஒழுங்கைப் பாதைக்குப் போடலாம் என்று எங்களை இருத்திச் சுத்தியலால் இடிக்கவிட்டார். எனக்கும் அண்ணைக்கும் ஆளுக்கொரு சுத்தியல். கை ஓய்ந்தால் முதுகில் பூவரசங் கம்பு விழும். மூன்று நாள் இடித்தோம். மூக்குச் சிந்தினால் சாம்பல் நிறமாக வந்தது. பிறகு அப்பா புதுச் சீற் வாங்கி மற்றப் பாதியையும் மூடினார். கடைசிக் காலத்தில் அவர் இருமி இருமித்தான் செத்தார். சுருட்டுத்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். அதுவாகவும் இருக்கலாம், யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

நான் பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். பெயர்தான் பெரிது, படிவம் நிரப்புவதுதான் வேலை. ஒரு நாள் பழைய கட்டடப் பொருட்களால் வரும் சுகாதார ஆபத்தை அரசாங்கம் மதிப்பிடப் போகிறது என்று எங்களைக் கூப்பிட்டு அரை நாள் வகுப்பு வைத்தார்கள். எங்கள் ஊரில் பிறந்து கொழும்பில் வேலை செய்கிற ஒரு பெண் டொக்டர் வந்து விளங்கப்படுத்தினார். சீற்றுக்குள் இருக்கிற அஸ்பெஸ்ரஸ் தூசி கண்ணுக்குத் தெரியாத நாராக நெஞ்சுக்குள் போய் இருந்துவிடும், போனது வெளியே வராது, அது செய்கிற கேடு தெரிய இருபது முப்பது வருடம் ஆகலாம் என்றார். அவர் சொன்ன ஒன்று இன்னும் என் காதில் இருக்கிறது.

"சும்மா கிடக்கிற சீற்றாலை பெரிசா ஒண்டும் இல்லை. அதோடை சண்டை பிடிச்சால்தான் அது திருப்பி அடிக்கும். உடைக்கக் கூடாது, வெட்டக் கூடாது, காய்ஞ்ச தூசியைக் கூட்டக் கூடாது. தண்ணி அடிச்சு நனைச்சு, முழுசாக் கழட்ட வேணும்."

பழுதான கூரை உள்ள வீடுகளுக்கு ஆட்கள் வந்து பக்குவமாகக் கழற்றி, பொலித்தீனில் சுற்றி எடுத்துப் போவார்கள் என்றும் சொன்னார்கள். ஆனால் அதற்குப் படிவத்தில் "ஆம்" என்று விழ வேண்டும்.

படிவத்தில்தான் வினை இருந்தது. அதைத் தமிழாக்கிய புண்ணியவான் சீற் என்றும் போடவில்லை, அஸ்பெஸ்ரஸ் என்றும் போடவில்லை. "உங்கள் வீட்டுக் கூரையில் கல்நார் உள்ளதா?" என்று அச்சடித்திருந்தார். உள்ளதை உள்ளபடி வாசியுங்கள், சொந்தமாக விளக்கம் கொடுக்காதீர்கள் என்பது மேலிடத்து உத்தரவு. முதல் வீட்டிலேயே ஒரு கிழவர், "கல்நாரோ? அது வேலியோரம் நிண்டது தம்பி, போன கோடையிலை பட்டுப்போச்சு" என்றார். அடுத்த வீட்டில் அது மூலவருத்தத்துக்குக் கொடுக்கிற வேர் என்றார்கள். நான் உத்தரவைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, விரலால் மேலே காட்டி, "சீற், சீற், உந்தக் கூரைதான்" என்று சொல்லத் தொடங்கினேன். எல்லோரும் ஓம் என்றார்கள். நாற்பது வீட்டில் இப்படி விரல் நீட்டினேன்.

நாற்பத்தோராவது அண்ணையின் வீடு.

படலைக்கு வெளியே நின்று சைக்கிள் மணியை அடித்தேன். அண்ணை வந்தார். படலையைத் திறக்கவில்லை. நானும் உள்ளே வரக் கேட்கவில்லை. அண்ணி விறாந்தையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் படிவத்தை முகத்துக்கு நேரே பிடித்து, வானொலியில் செய்தி வாசிப்பவர் போல வாசித்தேன்.

"உங்கள் வீட்டுக் கூரையில் கல்நார் உள்ளதா?"

அண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இஞ்சை கல்லும் இல்லை, நாரும் இல்லை. கந்தோர்க்காரர் போகலாம்."

அவர் முதுகுக்குப் பின்னால் அந்தக் கூரை வெடித்துக் கறுத்து, பாசி பிடித்துக் கிடந்தது. ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். நான் நீட்டவில்லை. "இல்லை" என்ற கட்டத்தில் பேனை தாளைக் கிழிக்கிற மாதிரி ஒரு கோடு போட்டேன். கிடந்து சாவட்டும் என்று மனதுக்குள் சொன்னேன். அந்தச் சொற்களை அப்படியே சொன்னேன். சைக்கிளை மிதித்துத் திரும்பும்போது வென்றுவிட்ட மாதிரி இருந்தது.

நாற்பது வீட்டுக்கும் ஆட்கள் முறை வைத்து வரத் தொடங்கினார்கள். அண்ணையின் வீட்டுக்கு வரவில்லை. ஐந்தாறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டு நிற்கிறேன், வேலிக்கு அந்தப் பக்கம் படார் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. ஷெல்லுக்குப் பழகிய உடம்பு, என்னையறியாமல் குந்திவிட்டேன். எழும்பிப் பொட்டுக்குள்ளால் பார்த்தேன். அண்ணை முகட்டில் நின்று அலவாங்குக் கம்பியால் கூரையைக் குத்தி உடைத்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் புதுத் தகரம் அடுக்கிக் கிடந்தது. மாரிக்கு முதல் கூரையை மாற்றுகிறார். ஒவ்வொரு குத்துக்கும் சீற் வெடித்து வீட்டுக்குள் விழுந்தது. உள்ளே வெயில் விழுந்த இடமெல்லாம் தூசி புகையாக எழும்பியது. அதற்கு நடுவே அண்ணி சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டு நின்றார். அவருடைய தலைமயிர் முழுக்க வெள்ளையாகிவிட்டிருந்தது.

படலையைச் சுற்றிப் போக நேரமில்லை. சண்டைக்குக் காரணமான அதே கதியாலைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேலிக்குள்ளால் போனேன். முள்ளுக்கம்பி முதுகைக் கிழித்தது.

"இறங்கு கீழை," என்று கத்தினேன். "அண்ணி, வெளியிலை வாங்கோ."

"என்ரை வீட்டுக்குள்ளை நிண்டு கத்தாதை," என்றார் அண்ணை. அலவாங்கை ஓங்கி இன்னொரு குத்துக் குத்தினார்.

நான் ஏணியில் ஏறி, முகட்டு வரைக்கும் தவழ்ந்து போய் அவருடைய காலைப் பிடித்து இழுத்தேன். அவர் தாழ்வாரத்தில் சறுக்கி வந்து தகர அடுக்கின் மேல் விழுந்தார். நானும் பின்னாலேயே இறங்கினேன். முழங்கை கிழிந்து இரத்தம் வழிய எழும்பியவர், அலவாங்கின் பின்பக்கத்தால் என் விலாவில் குத்தினார். எலும்பு ஒன்று உள்ளே நொறுங்கியது எனக்கே கேட்டது. நான் அவருடைய கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினேன். அவர் என் மூக்கில் தலையால் இடித்தார். நாலு வருடமாகக் கதைக்காமல் சேர்த்து வைத்ததெல்லாம் கைக்கு வந்துவிட்டது. கீழே குனிந்தேன். அகப்பட்டதை எடுத்தேன். ஓங்கி அவருடைய தோளில் அடித்தேன்.

அகப்பட்டது ஒரு சீற் துண்டு. அது அவருடைய தோளில் பட்டுப் பொடிப்பொடியாகச் சிதறி எங்கள் இரண்டு பேரின் முகத்திலும் அப்பியது. அரை நாள் வகுப்பில் முன்வரிசையில் இருந்து குறிப்பெடுத்தவன் நான்.

"விடுங்கோ," என்று அண்ணி இடையில் வந்தார். என்னைப் பின்னால் பிடித்து இழுத்தார். யார் என்று பார்க்காமல் முழங்கையை வீசினேன். அது அவருடைய வாயில் பட்டது. அவர் உடைந்த சீற்றுக் குவியலின் மேல் இருந்துவிட்டார். உதட்டிலிருந்து இரத்தம் அந்த வெள்ளைத் தூசியில் கோடு போட்டு இறங்கியது. பிறகு இழுப்புத் தொடங்கியது. வாயைத் திறக்கிறார், காற்று உள்ளே போகவில்லை. கண் மேலே போகிறது.

அதோடு எங்கள் கை நின்றது. "பம்ப் எங்கை? பம்ப் எங்கை?" என்று அண்ணை கேட்டார். அண்ணியின் மூச்சு மருந்து செப அறை மேசையில் இருக்கும். அந்த அறைக் கூரையைத்தான் அண்ணை முதலில் உடைத்துக் கொட்டியிருந்தார். வெறுங்கையால் துண்டுகளைத் தோண்டினார். விரல்கள் கிழிந்தன. நான் கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளி அண்ணியின் தலையில் ஊற்றினேன், பிறகு அந்தத் தூசியின் மேல் ஊற்றினேன். வேதாகமத்துக்குக் கீழே அகப்பட்ட பம்ப்பை அண்ணை தன்னுடைய சேட்டில் துடைத்து அவருடைய வாயில் வைத்தார். மூன்று முறை அமத்தினார். நாலாவது மூச்சு உள்ளே போனது.

மூன்று பேரும் கிணற்றுக் கட்டில் நனைந்துபோய் இருந்தோம். நான்தான் சொன்னேன், சீற்றின் தூசி என்ன செய்யும் என்று. டொக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அண்ணை தரையைப் பார்த்தபடி, "அப்ப உந்தக் கல்நார் எண்டது இதுவோ?" என்றார்.

"ஓம்."

"உனக்கு அண்டைக்கே தெரியுமோ?"

"தெரியும்."

அவர் கையை ஓங்குவார் என்று காத்திருந்தேன். ஓங்கியிருந்தால் நல்லது. அவர் ஓங்கவில்லை. அண்ணிதான் உதட்டில் ஈரத்துணியை அமத்திக்கொண்டு, நின்று நின்று கேட்டார்.

"உங்களுக்கு அவரிலை தானே தம்பி கோவம். அவர் மேலை காத்துக்குள்ளை நிண்டவர். கீழை நிண்டு கூட்டினது நானல்லோ."

அழுதேன். விலா எலும்பு முறிந்தவன் அழுவது லேசான காரியமல்ல.

திங்கட்கிழமை கந்தோரில் உண்மையைச் சொன்னேன். ஏச்சு வாங்கினேன், எழுத்தில் விளக்கமும் கொடுத்தேன். புதுப் படிவம் ஒன்றோடு பழைய வீட்டுக்குப் போனேன். இந்த முறை படலை திறந்து இருந்தது. கடைசிப் பக்கத்தில், கூரை உடைந்தபோது தூசியில் நின்றவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கேள்வி. இரண்டு என்று எழுதப் போனேன்.

"மூண்டு எண்டு எழுதுங்கோ," என்றார் அண்ணி. "நீங்களும் நிண்டனீங்கள் தானே."

ஆட்கள் வந்து நனைந்த துண்டுகளைப் பொலித்தீனில் சுற்றி ஏற்றிப் போனார்கள். மூன்று பேரின் நெஞ்சுப் படத்தையும் பார்த்த டொக்டர், இப்போது ஒன்றும் தெரியவில்லை என்றார். இப்போது தெரியாது என்பதுதான் இதன் குணம் என்றும் சொன்னார். வருடத்துக்கு ஒரு முறை வரச் சொன்னார்.

நானும் அண்ணையும் இப்போது கதைக்கிறோம். பிடுங்கிய கதியாலைத் திரும்ப யாரும் நடவில்லை, அந்த இடத்தில் வேலி திறந்தே கிடக்கிறது. காலையில் அவர் தன் முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போடுவார், நான் என் முற்றத்தில் சைக்கிளைத் துடைப்பேன். குசினிக்குள் அண்ணி ஒரு தரம் இருமுவார். அடுப்புப் புகையாக இருக்கும், தொய்வாக இருக்கும். அண்ணையின் கை நின்றுவிடும். என் கையும் நின்றுவிடும். அடுத்த இருமல் வருகிறதா என்று இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காத்துக்கொண்டு நிற்போம்.