மங்களத்தின் பெயர்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் 1981-ல், செகந்திராபாத் ரயில்வே காலனி மன்றத்தில் ஒரு மாலை கூடியிருந்த அத்தனை பேரும் அந்தக் குரலைக் கேட்டார்கள்.

சாந்தா அந்தக் காலனிப் பெண். தேவராஜின் ராக் இசைக்குழுவில் பின்பாட்டு பாடினாள். அந்த வருடம் அவர்களுடைய ஒரு பாட்டு ஊரையே கிறுக்குப் பிடிக்க வைத்தது. ஓட்டலில் கிட்டார் வாசித்த ஜகதீசன் என்பவன், மங்களம் என்ற பெண்ணைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டு ஜெயிலுக்குப் போயிருந்தான். அவனைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அவன் கறுப்புக் கண்ணாடி, அவன் கிட்டார்... பையன்கள் அவனைப் போலவே முடி வளர்த்தார்கள். அந்தப் பாட்டே தேவராஜ் அவன் பெயரில் கட்டியதுதான்.

மன்றக் கச்சேரிக்கான ஒத்திகையில்தான் ஆரம்பித்தது. ஜகதீசன் பெயர் வரும் இடத்தில் மட்டும் ஸ்பீக்கரில் 'கர்ர்ர்' என்று ஓர் இரைச்சல். ஒயரை மாற்றினார்கள். மைக்கை மாற்றினார்கள். மறுபடியும் அதே இடம்... இந்த முறை இரைச்சல் இல்லை. யாருக்கோ மூச்சுத் திணறுவது போல...

சாந்தா மைக்கை விட்டு விலகினாள்.

"தேவா, இந்தப் பாட்டு நக்கோ, வேணவே வேணாம்."

"கைக்கு? ஏன் வேணாம்? ஜனங்க இதுக்குத்தானே வர்றாங்க!"

"செத்தவ பேரு ஒரு தடவையாவது இதுல வருதா?"

தேவராஜ் சிரித்தான். "அவ பேரு யாருக்கு வேணும்?"

அன்று மாலை மன்றத்தில் நிற்க இடமில்லை. தேவராஜ் பாடினான். அந்தப் பெயர் வந்தது. மைக் அடங்கிப்போனது. அடுத்த வரி நன்றாகக் கேட்டது. மறுபடி பெயர்... மறுபடி ஒன்றுமில்லை.

"ஜகதீசன்! ஜகதீசன்!" கூட்டம் கத்தியது.

 சாந்தாவுக்குப் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. மேடையின் முன்னால் வந்தாள்.

"பின்னால போ!" தேவராஜ் பல்லைக் கடித்தான்.

"போக மாட்டேன்."

அதே மெட்டில் பாடினாள். "மங்களம்..."

கணீரென்று கேட்டது. 

தேவராஜ் ஆத்திரத்தில் பிளக்கைப் பிடுங்கி எறிந்தான்.

"மங்களம்..."

ஸ்பீக்கர் நிற்கவில்லை.

இப்போது கூடவே இன்னொரு குரல். பெண் குரல்...

குழுவில் வேறு பெண் இல்லை.

சாந்தா நிறுத்தவில்லை.

அதுவும் நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஊரில் ஜகதீசன் பாட்டை யாரும் பாடத் துணியவில்லை.

அன்று கூட்டம் கலைந்ததும் ஒரு பெண் சாந்தாவைத் தேடி வந்தாள். மங்களத்தின் தங்கை, ராஜம். அழுதிருந்தாள்.

"என்கூடப் பாடினது... உங்க அக்கா குரல்தானே?" சாந்தா மெதுவாகக் கேட்டாள்.

ராஜம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியாதுங்க. அக்கா குரலை நாங்க யாரும் கேட்டதே இல்ல. அவ பிறவி ஊமை. எந்தப் பேப்பர்காரனும் அதைக் கேட்டு எழுதல."