தூக்குவாளிக்கு டெலிவரி ஃப்ரீ

போன மாதம் ஒரு காலை நேரம். கையில் ஒரு பித்தளைத் தூக்குவாளியோடு தபால் கவுன்டரில் நின்றுகொண்டிருந்தேன். வாளியை அட்டைப்பெட்டியில் வைத்து, சுற்றிலும் பழைய பேப்பர் திணித்து, அதன் மேல் செல்லோடேப்பாகச் சுற்றியிருந்தேன்.

கவுன்டர் பெண்மணி தராசில் வைத்தார். ஒரு தொகையைச் சொன்னார்.

எனக்குக் காது சரியாகத்தான் கேட்கும். இருந்தாலும் இன்னொரு தடவை கேட்டேன். அதே தொகை. "பித்தளை மேடம், கனக்குமில்ல" என்று இந்தியில் சமாதானம் வேறு.

வாளி விற்கிற விலையில் முக்கால் பங்கு, அதை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்க! அதுவும் பித்தளைக்கு மட்டுமா எடை? அட்டைப்பெட்டிக்கு எடை, பேப்பருக்கு எடை, நான் தாராளமாகச் சுற்றிய செல்லோடேப்புக்கும் எடை. முன்பு பதிவுத் தபால் என்று ஒன்று இருந்தது. அதையும் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். எனக்கு எதற்கு ஸ்பீட்? வாளி என்ன, பரீட்சை எழுதவா போகிறது? அந்தப் பெண்மணியிடம் சண்டை போட்டு என்ன பிரயோஜனம்... கட்டணத்தை அவரா ஏற்றினார்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வாளி என்னுடையது இல்லை. முருகேசனுடையது. எங்கள் கட்டடத்தில் பழைய பேப்பர் எடுக்க வருகிறவர். திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் பங்கார் தொழில் — நம்மூரில் காயலான் கடை என்போமே, அதுதான்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டடங்களை இடித்து டவர் எழுப்புகிறார்கள் அல்லவா? டவருக்குக் குடிபோகிற நம் ஆட்கள் முதலில் செய்கிற காரியம், வீட்டுப் பித்தளையை எடைக்குப் போடுவது. மாடுலர் கிச்சனில் தூக்குவாளிக்கு இடமில்லையாம். ஆனால் ஏர் ஃப்ரையருக்கு இடம் உண்டு. ஒரே ஒரு முறை உருளைக்கிழங்கு வறுத்துவிட்டு, துணி போட்டு மூடிவைப்பதற்கு.

அப்படி வந்த தூக்குவாளி, கூஜா, சம்படம் எல்லாவற்றையும் முருகேசன் உருக்கப் போடாமல் சேர்த்துவைத்தார். கருத்து, பச்சை பிடித்து, மூடியில் யார் யாருடைய பெயரோ வெட்டியிருக்கும். ஆன்லைனில் இதற்கென்றே அலைகிற ஒரு கூட்டம் இருக்கிறது. கலெக்டர்கள். பாத்திரம் எவ்வளவு கருப்போ விலை அவ்வளவு கூடுதல். அந்தக் கருப்புக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் 'பாட்டினா'. நம் வீடுகளில் அதற்கு அழுக்கு என்று பெயர்.

முருகேசன் போட்டோ எடுத்துப் போடுவார், இங்கிலீஷ் விவரம் நான் எழுதிக் கொடுப்பேன். முதலில் நன்றாகத்தான் ஓடியது. தபால் செலவு ஏற ஏற, படுத்துவிட்டது. இது முருகேசனின் பாடு மட்டும் இல்லை. தாணேயில் எனக்குத் தெரிந்த ஒருவர் பழைய ஸ்டாம்ப் விற்கிறார். ஒரு பழைய ஸ்டாம்பை அனுப்ப, அதைவிட விலை கூடுதலாகப் புது ஸ்டாம்ப் ஒட்ட வேண்டியிருக்கிறது. கேட்டால் சிரிப்பு வருகிறதா? அவருக்கு வரவில்லை.

முருகேசனுக்கு இன்னொரு நெருக்கடியும் வந்தது. சாமான் அடுக்கியிருந்த மாடி அறையை ஓனர் திருப்பிக் கேட்டுவிட்டார்.

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும்ங்காரு அக்கா. விக்கலேன்னா அம்புட்டையும் உருக்கத்தான் போடணும். அதுக்குப் பொறவு இந்த ஆன்லைனு கீன்லைனு எல்லாம் கெடையாது. பங்கார்காரன் பங்கார்காரனாவே சாக வேண்டியதுதான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கோவையிலிருந்து ஒரு மனிதர் போனில் வந்து சேர்ந்தார். பாரம்பரிய உணவகம் ஒன்று திறக்கப்போகிறாராம். சுவர் முழுக்கப் பலகை அடித்து, பழைய பித்தளையாக அடுக்கி, அதற்குக் கீழே ஜனங்களை உட்காரவைத்து இட்லி கொடுப்பாராம். முதலில் ஒரு தூக்குவாளி சாம்பிள். பிடித்திருந்தால் மொத்த லாட்டும் அவருக்கே. இங்கிலீஷ் விவரம் என் கைவேலை என்பதால், பேச்சுவார்த்தையும் என் தலையில் விழுந்தது.

வாளியின் விலைக்கு அவர் ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. தபால் செலவு என்றதும் குரல் மாறியது.

"ஏனுங்க மேடம், டெலிவரி ஃப்ரீதானுங்களே? எல்லாருமே ஃப்ரீயாத்தானுங்க குடுக்கறாங்க."

எல்லாரும் என்றால் யார்? பல கோடி போட்டுக் கம்பெனி நடத்துகிறவர்கள். முருகேசனிடம் இருப்பது ஒரு கைவண்டியும் ஒரு செல்போனும். இந்த மனிதரையே எடுத்துக்கொள்ளுங்கள். மால் பார்க்கிங்குக்குக் கொடுப்பார். சினிமா தியேட்டரில் பாப்கார்ன் என்ற பெயரில் விற்கிற காற்றுக்குக் கொடுப்பார். தபாலுக்கு என்றால் மட்டும் மூக்கால் அழுவார். பொருளுக்கு விலை உண்டு, அதைச் சுமந்துகொண்டு வருகிறவனுக்குக் கூலி கிடையாது என்பதுதான் இன்றைய நாகரிகம் போலிருக்கிறது.

கவுன்டரிலிருந்து பெட்டியோடு திரும்பியபோதுதான் எனக்கு அந்த மகா யோசனை உதித்தது.

பம்பாய்த் தமிழர்கள் தபாலை நம்பியா பிழைத்தோம்? 'ஊருக்கு யாராவது போறாளா?' — இந்த ஒரு கேள்வியில் ஓடிய வம்சம் அல்லவா இது. காபிப் பொடி, கல்யாணப் பத்திரிகை, ஜாதகம், பல் செட் எல்லாம் இந்த வழியில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. எங்கள் மூன்றாவது மாடி லலிதா மாமி, கோவையில் இருக்கும் மகன் வீட்டுக்கு மறுநாளே கிளம்புவதாக இருந்தார்.

"அதுக்கென்ன, கொடு. போன தடவை சம்பந்தி ஆத்துக்கு மிக்ஸியே தூக்கிண்டு போனேன்" என்றார்.

"மாமி, ரொம்பப் பத்திரம். ஒருத்தரோட வியாபாரமே இதுல இருக்கு" என்று சொல்லித்தான் கொடுத்தேன். எல்லாம் சொன்னேன்... ஒன்றைத் தவிர.

மாமி குர்லாவில் ரயில் ஏறினார். கோவை போய்ச் சேர்ந்தார். இரண்டொரு நாளில் போன் வந்தது. குரலில் வெற்றிப் பெருமிதம்.

"கொடுத்துட்டேன்டி. பேஷா கொடுத்துட்டேன். பாத்திரமா அது? ஒரே கருப்பு. புளியும் உப்பும் போட்டு ரெண்டு தடவை தேச்சேன் பாரு, மூஞ்சி தெரியறது இப்போ."

"எதுக்கு மாமி தேச்சேள்?"

"தேய்க்காம எப்படி ரவா லாடு வைக்கறது?"

"ரவா லாடு எதுக்கு வச்சேள்?"

"நன்னாருக்கே நீ கேக்கறது. வெறும் பாத்திரத்தைக் கொண்டுபோய் ஒருத்தராத்து வாசல்ல நீட்டுவாளா? அதுவும் ஈயம் பூசாத பாத்திரம்னு, புளிப்பா எதுவும் வைக்கலை, தெரியுமோ? ஒலர்ந்த பட்சணமாப் பாத்துத்தான் வச்சேன்."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? பாத்திரத்தைக் காலியாகக் கொடுக்கக் கூடாது என்பது நமக்கெல்லாம் ரத்தத்தில் ஊறிய விஷயம். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைத் திருப்பும்போது ஒரு கை சர்க்கரையாவது போடாமல் கொடுத்திருக்கிறேனா நான்? மாமியைக் கோபித்துக்கொள்ள வாய் வரவில்லை. தேய்க்க வேண்டாம் என்று சொல்ல மறந்த என் மேல்தான் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அடுத்த அழைப்பு கோவைக்காரரிடமிருந்து.

"என்னங்க மேடம் இது? புதுசாக் கடையில வாங்கிக் குடுத்தாப்புல இருக்குது. பாட்டினாவே இல்லீங்களே. சுவத்துல இதை வெச்சா யாருங்க நம்புவாங்க?"

நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். மற்றவை எல்லாம் தேய்க்காமல் அப்படியே இருக்கின்றன, போட்டோ அனுப்புகிறேன் என்றேன்.

"அதுக்கும் தபால் காசு கேப்பீங்களே. வேண்டாமுங்க, விட்ருங்க. இதை ரிட்டன் எடுத்துக்கங்க. ரிட்டன் சார்ஜ் உங்களுதுதானுங்களே?"

"லாடு?" என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அது... வீட்ல சாப்பிட்டாச்சுங்க. நல்லா இருந்துச்சுங்க."

பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். மாமியே ஆட்டோ பிடித்துப் போய் வாளியை வாங்கிவந்தார். அன்று ராத்திரி போனில் மாமிக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"வெறும் பாத்திரத்தை நீட்டறான்டி. லாடு அத்தனையையும் தின்னுட்டு, ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுக்கத் தெரியலை. இவன் பாரம்பரிய ஹோட்டல் வேற தொறக்கப்போறானாம். கட்டால போறவன்."

வழிமொழிகிறேன். பாரம்பரியம் என்பது சுவரில் மாட்டுகிற சாமான் என்று நினைக்கிறவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? கருப்பாக இருக்க வேண்டும், பழையதாக இருக்க வேண்டும், யாரோ ஒருவருடைய பெயர் அதில் இருக்க வேண்டும். அந்தப் பெயருக்கு உரியவர்கள் அதை எப்படிப் புழங்கினார்கள் என்பது மட்டும் வேண்டாம்.

மாமி பம்பாய் திரும்பியதும் வாளியை எடுத்துக்கொண்டு நான் தாராவிக்கு நடந்தேன். மாசக் கடைசிக்கு அதிக நாள் இல்லை. முருகேசன் வீட்டில் அவர் மனைவி பேச்சியம்மாள்தான் வாளியை வாங்கித் திறந்தார். உள்ளே அச்சு வெல்லம். வெறுமனே கொண்டுவர மாமிக்கு மனசு வரவில்லை.

"அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க" என்று வெல்லத்தை எடுத்து வைத்துவிட்டு, "இந்த வாளிய நான் விக்க மாட்டேன். என்னமா மின்னுது" என்றார்.

முருகேசன் உருக்குகிற பட்டறைக்குச் சொல்லிவிட்டாராம். நான் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். பேச்சியம்மாள் டீ போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஏன் அக்கா, தபால் காசத் தனியா எதுக்குச் சொன்னீங்க?"

"சொல்லாம எப்படி?"

"நான் போன்ல பை விக்கேன்லா. டெலிவரிக்கு இவ்வளவுன்னு போட்டா ஒருத்தியும் வாங்க மாட்டா. அதையே பை வெலையில ஏத்திட்டு, டெலிவரி ஃபுகட்டுன்னு போட்டா அள்ளிக்கிட்டுப் போறாளுவ."

ஃபுகட் என்றால் பம்பாய் இந்தியில் ஓசி. ஓசியில் கிடைத்தால் ஃபினாயிலும் குடிப்பான் என்று நம் ஆட்கள் சும்மாவா சொல்கிறார்கள்?

"அது ஏமாத்து இல்லையா பேச்சி?"

"யாரு ஏமாத்துனா? நாம கேக்குற துட்டு அம்புட்டும் கண்ணு முன்னாலதான கெடக்கு. அவங்களே ஏமாந்துக்கிடுதாவ."

அங்கேயே, பேச்சியம்மாள் பை விற்கிற ஆன்லைன் பக்கத்தில், அவர் பெயரிலேயே சாமான்களைப் போட்டோம். விலையோடு தபால் செலவு முழுவதையும் சேர்த்தோம். அதற்கு மேல் கொஞ்சம், எங்கள் தலைவலிக்காக. கீழே கொட்டை எழுத்தில் — டெலிவரி ஃப்ரீ.

அந்த வாரமே ஒரு மெசேஜ். மொத்த லாட்டும் வேண்டுமாம். முருகேசன் போனை என்னிடம் நீட்டினார். "அக்கா, நம்பரப் பாருங்க."

கோவைக்காரர்.

'இதுக்கு முன்னாடி பாம்பேல ஒருத்தர்கிட்டக் கேட்டேனுங்க. தபாலுக்குத் தனிக் காசு கேட்டாங்க. உங்களை மாதிரி நியாயமானவங்க கிடைக்கறது கஷ்டமுங்க.'

படித்தேன். திரும்பவும் படித்தேன். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? முன்பு கேட்டதைவிடக் கூடுதல் தொகையை, பேரம் பேசாமல், நன்றி சொல்லிக் கட்டுகிறார் மனிதர். இவரைப் போலக் கணக்குப் பார்க்கிறவர்களை நம்பித்தான் எல்லா ஃப்ரீ டெலிவரியும் ஓடிக்கொண்டிருக்கிறது.

"நாமதாம்னு சொல்லிருவமா?" என்றார் முருகேசன்.

"கேட்டாச் சொல்லுங்க. கேக்காம எதுக்குச் சொல்லணும்?" என்றார் பேச்சியம்மாள்.

அவர் கேட்கவில்லை. பணம் வந்தது. மாடி அறை காலியானது. பட்டறைக்கு ஒரு சம்படம்கூடப் போகவில்லை. முருகேசன் இப்போது பேச்சியம்மாள் பை அடுக்குகிற அலமாரியில் ஒரு தட்டில் சாமான் வைத்து விற்கிறார், அதிகாரமெல்லாம் அந்த அம்மாளுடையது.

பார்சல் கட்டிய அன்று நானும் போயிருந்தேன். பேச்சியம்மாள் ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து, அதற்குள் ஒரு சர்க்கரைப் பொட்டலம் வைத்துக்கொண்டிருந்தார். முருகேசன் பதறினார்.

"ஏட்டி, எடை ஏறும்லா."

"ஏறட்டும். காலிப் பாத்திரத்தக் குடுத்தா நம்ம வீட்டுக்கு ஆகாது. தபாலுக்குத்தான் அவரு துட்டு குடுத்துட்டாரே."

கோவைக்காரரே, இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு தகவல்: அந்தப் பார்சலில் உங்களுக்கு நிஜமாகவே ஃப்ரீயாக வந்தது சர்க்கரை மட்டும்தான்.