அஞ்சு எச்.பி. பிளாக்கும் ஒரு செட்டியாரும்

எங்கள் தொழிலில் வியாதிக்காரன் வாயைத் திறக்க மாட்டான். கூட வந்தவன் வாயை மூட மாட்டான்.

விருத்தாசலத்தில் ஜங்ஷனுக்குப் போகிற ரோட்டில் ஆயில் இன்ஜின் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தேன். எண்பதுகளின் கடைசியில் போர்டு மாட்டினேன். தொண்ணூறுகள் முழுக்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "கம்பெனியில வந்த பிளாக்கு எத்தன எச்.பி. வரைக்கும் தாங்கும்?" பிளாக் என்பது இன்ஜினின் உடம்பு. பிஸ்டன் ஏறி இறங்குவதும், அதைச் சுற்றித் தண்ணீர் ஓடுவதும் அந்த இரும்புக்குள்தான். கம்பெனிக்காரன் அஞ்சு என்று போட்டிருந்தால் ஆறு வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் ஒரே ஒரு தடவை பதில் சொல்லும். இதை நான் சொன்னால் ஒருத்தர்கூட நம்ப மாட்டார். வீட்டு மிக்ஸியில் விரலி மஞ்சளைப் போட்டு அரைத்துவிட்டு, மிக்ஸி சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போன வாசகர்களுக்கு என் கஷ்டம் புரியும். கடைக்காரரின் கஷ்டமும் புரிந்தால் இன்னும் நல்லது.

பெயிண்டர் கொடுத்த மூணு எச்.பி.

நல்லூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது, பெரிய பம்ப் மாட்ட வேண்டும், அதற்கு எட்டு எச்.பி. வேண்டும். அவரிடம் இருந்தது அஞ்சு. முடியாது என்றேன். கோபித்துக்கொண்டு போனவர், பத்து நாள் கழித்து இன்ஜினை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு சிரித்த முகமாக வந்தார். "இப்ப பாருங்க" என்றார்.

பார்த்தேன். இன்ஜின் தகட்டில் இருந்த அஞ்சைச் சுரண்டிவிட்டு, பெயிண்டரை வைத்து எட்டு என்று எழுதியிருந்தார். நல்ல பெயிண்டர்தான், எழுத்துக்கு நிழல்கூட வைத்திருந்தான். எழுதிவிட்டால் பலம் வந்துவிடுமா என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எங்க ரேஷன் கார்டுல செத்துப்போன எங்க அப்பாரு இன்னும் உசுரோட இருக்காரு, சக்கரை வாங்கிக்கிட்டு இருக்கோம். கவருமெண்டே எழுதினத நம்புது, இந்த இன்ஜினு நம்பாதா?"

துபாயிலிருந்து வந்த நத்தை

கருவேப்பிலங்குறிச்சி பாய் ஒருவர் மூணு வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்தார். மாவு மில் வைத்திருந்தார். துபாயில் லாரிகளுக்கெல்லாம் டர்போ என்று ஒன்று இருப்பதைப் பார்த்துவிட்டார். புகையைக் கொண்டே காற்றாடியைச் சுற்றவைத்து, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற, சுருண்டு கிடக்கிற இரும்புச் சாமான் அது. பழைய இரும்புக் கடையில் ஒன்றை வாங்கி, கம்பளியில் சுற்றி, பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அவருடைய மில்லில் இருந்ததும் அதே அஞ்சு எச்.பி.தான். "இத மாட்டுங்க தம்பி, பத்து எச்.பி. வரும்" என்றார். பத்து வந்தால் பிளாக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும் பாய் என்று கெஞ்சினேன். ஆசைப்பட்டுக் கொண்டுவந்திருக்கிறார், மறுக்க மனசு வரவில்லை. ஒரு நாள் முழுக்க குழாய் வளைத்து மாட்டினேன். தெருவில் பாதிப் பேர் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ஸ்டார்ட் செய்தோம். டர்போ அசையவே இல்லை. இந்தச் சின்ன இன்ஜின் விடுகிற புகைக்கு அந்த லாரிச் சாமான் திரும்பிக்கூடப் படுக்கவில்லை. பிளாக் பிழைத்தது. பாய் டர்போவைக் குனிந்து குனிந்து பார்த்தார். வாசலில் நின்ற அவர் வீட்டம்மாதான் பேசினார்.

"மூணு வருஷம் கழிச்சி வந்த மனுசன், எனக்கு ஒரு சென்ட்டு பாட்டிலு கொண்டாரல. நத்தை ஓடு கொண்டாந்திருக்காரு."

என் வாய்

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த நான் சொந்த அக்கா வீட்டில் போய் மாட்டிக்கொண்டேன். என் அக்கா வீட்டுக்காரர் கோதண்டம் மாமா பீங்கான் பொம்மை யூனிட் வைத்திருந்தார். மண்ணையும் கூழாங்கல்லையும் தண்ணீரையும் பெரிய உருளைக்குள் போட்டு மணிக்கணக்கில் சுற்றவிட்டு அரைப்பார்கள். உருளையைச் சுற்றுவது அஞ்சு எச்.பி. இன்ஜின். அந்த வருஷம் நவராத்திரிக்கு ஒரு வியாபாரியிடமிருந்து பெரிய கொலு பொம்மை ஆர்டர் வந்தது. கடை பரப்பி உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மையே கூடை கூடையாகக் கேட்டிருந்தார். தேதிக்குள் ரயிலில் ஏற்றாவிட்டால் அந்த வியாபாரி அடுத்த வருஷம் வேறு யூனிட்டுக்குப் போய்விடுவார். அக்கா குடும்பம் வருஷம் முழுக்க நம்பியிருந்தது அந்த ஒரு ஆர்டரைத்தான்.

மாமா இரண்டாவது உருளை ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ரெண்டையும் ஒரே இன்ஜின் இழுக்குமா என்று கேட்டார். இழுக்காது என்று சொல்ல வேண்டும். யூனிட்டில் வேலை செய்கிற அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான் செட்டிங் பண்ணா எட்டு எச்.பி. தாங்கும் மாமா" என்றேன். நுணலும் தன் வாயால் கெடும். வேகத்தைக் கட்டுக்குள் வைக்கிற கவர்னர் ஸ்பிரிங்கை இறுக்கி வேகத்தைக் கூட்டினேன், டீசலையும் கூட்டிவிட்டேன். கரும்புகை விட்டுக்கொண்டு ரெண்டு நாள் ஓடியது. மாமா என் தோளில் கைபோட்டுக்கொண்டு தெருவில் நடந்தார். மூன்றாம் நாள் காலை பிளாக் பதில் சொன்னது. மேலிருந்து கீழே ஒரு சாண் விரிசல், அதன் வழியாகத் தண்ணீர் வழிந்தது. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அக்கா தட்டில் சோறு போட்டு என் முன்னால் வைத்தாள். குழம்பு ஊற்றும்போது மட்டும் ஒரு வார்த்தை பேசினாள்.

"ஊருக்கெல்லாம் ஆறுன்னு சொல்லுவியே, எங்களுக்கு மட்டும் ஏன்டா ரெண்டு சேத்துச் சொன்ன?"

சூளை வைத்தியம்

வேறு பிளாக் தேடி அன்றைக்கே கடலூருக்குப் பஸ் ஏறினேன். கிடைக்கவில்லை. பண்ருட்டியிலும் இல்லை. சரி, இருக்கிற விரிசலையே நெடுக இரும்பு ஆணி இறக்கித் துணியைப் போலத் தைத்துவிடலாம் என்ற முடிவோடு மறுநாள் திரும்பினேன். பிளாக்கைக் காணோம்.

மாமா சந்தோஷமாக இருந்தார். "நீ கவலப்படாத மச்சான், வைத்தியம் ஆயிக்கிட்டு இருக்குது" என்று சூளையைக் காட்டினார். அவர்கள் பழக்கம் அது. பொம்மையில் கீறல் விழுந்தால் மண்கூழை வைத்து அடைத்து, மேலே கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சைப் பூசிச் சூளையில் வைப்பார்கள். கீறல் இருந்த இடமே தெரியாது. அதே வைத்தியத்தைப் பிளாக்குக்கும் செய்து, செட்டியார் பொம்மைகளோடு உள்ளே வைத்து, வாசலைப் பூசி நெருப்பும் போட்டுவிட்டார். பாதியில் திறந்தால் பொம்மை எல்லாம் வெடித்துவிடும். நான் சூளை முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆறிய பிறகு திறந்தார்கள். பொம்மைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிளாக் மட்டும் வெள்ளையும் பழுப்புமாக, கல்யாண வீட்டு வாஷ்பேசின் மாதிரி பளபளத்தது. விரிசல் மூடவில்லை, விரல் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது. போதாததற்கு, மேல்தட்டிலிருந்து ஒரு செட்டியார் சரிந்து, உருகிய கிளேஸில் அதன் தலைமேல் உட்கார்ந்து அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தார். இழுத்தோம், நெம்பினோம், அசையவில்லை. மாமா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"கிளேஸு நல்லாதான் ஏறியிருக்குது மச்சான். இரும்புதான் மட்டம்."

அரைச் சுற்று

மிச்ச ஆர்டருக்கு மண் வேண்டும். என் ஒர்க்‌ஷாப்பில் கரண்ட் போனால் ஓட்ட ஒரு அஞ்சு எச்.பி. வைத்திருந்தேன். அதைக் கழற்றிக்கொண்டுபோய் மாமா யூனிட்டில் இறக்கினேன். ஒரே உருளை, கம்பெனி சொன்ன வேகம், அளவுக்கு மேல் ஒரு சொட்டு டீசல் இல்லை. கடையைப் பூட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். கவர்னரைத் திருகுகிற ஸ்பேனரைக் கடைக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தேன், மாமாமேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை, என்மேல்தான் இல்லை. மாமா தினமும் டீயோடு வந்து இன்ஜினைத் தடவிக்கொடுப்பார். ஒரு நாள் மெதுவாக ஆரம்பித்தார்.

"அர சுத்து டைட் பண்ணா என்னா மச்சான்? கம்பெனிக்காரனுக்குத் தெரியவா போவுது?"

ஆயுத பூஜை

கடைசிக் கூடை தேதிக்கு ஒரு நாள் முன்னால் ரயிலேறியது. ஸ்டேஷனிலிருந்து திரும்பும்போது மாமா வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தார். அக்கா மட்டும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆயுத பூஜைக்கு வந்து பொரி வாங்கிக்கொள் என்று அவளே ஆள் அனுப்பியபோதும், போகலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் போனேன்.

யூனிட்டில் அச்சு, சல்லடை, தராசு எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்திருந்தார்கள். நடுவில், நாலு ஆள் தூக்கி வைத்த அந்த பிளாக். அதற்கு ஒரு பொட்டு, மேலே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த செட்டியாருக்கு ஒரு பொட்டு, மாலை வேறு. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அக்கா என் கையில் பொரியைக் கொட்டினாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"எட்டு தாங்கும்னியே தம்பி, அது பொய்யி. ஆனா செட்டியார நல்லா தாங்குது."

ஆகவே, இத்தனை வருஷ அனுபவத்தில் சொல்கிறேன்: கம்பெனி பிளாக் அஞ்சு எச்.பி.யையும் ஒரு செட்டியாரையும் பத்திரமாகத் தாங்கும், அதற்கு மேல் தாங்கும் என்று சொல்கிறவன் உங்கள் சொந்த மச்சானாக இருந்தாலும் அவன் கையிலிருந்து முதலில் ஸ்பேனரை வாங்கிவிடுங்கள்.