நான் பார்த்துச் சொன்ன பின்விளக்கு

எங்கள் வீட்டில் கார் வாங்கிய நாளிலிருந்து நாங்கள் எந்த இடத்துக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்ததில்லை. அதற்கு முன்பு, பஸ்ஸில் போன காலத்தில், கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் நாங்கள். கார் வந்த பிறகு வெற்றிலைபாக்குப் பை வாங்கத்தான் நேரம் இருந்தது.

காரணம் அப்பா. குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு டீ ஃபேக்டரி ஆபீஸில் அவர் குமாஸ்தா. மற்ற எல்லா விஷயத்திலும் சாதுவான மனிதர். சட்னியில் உப்பில்லை என்றால்கூடச் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். ஆனால் வண்டி விஷயத்தில் மட்டும் அவரை அசைக்க முடியாது. எங்களுக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டி முடித்த வெள்ளை வண்டி அது. ஏர்பேக் என்ற பேச்சே அதில் கிடையாது. இருந்தது சீட் பெல்ட்டும் பிரேக்கும்தான். அதனால் இருப்பதையாவது ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்து, ஒரு அட்டையில் தமிழில் எழுதி, டேஷ்போர்டு மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்தார்.

புறப்படுவதற்கு முன் அந்த அட்டையில் உள்ள அத்தனையும் நடந்தாக வேண்டும். டயர் வரிப்பள்ளத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகித் தேய்மானம் பார்ப்பார். நாலு டயரோடு விட்டால் பரவாயில்லை. டிக்கியில் ஏற்றிய சாமானையெல்லாம் இறக்கச் சொல்லி ஸ்டெப்னியையும் பார்ப்பார். பிறகு பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் தண்ணீர், பிரேக் ஆயில், என்ஜின் ஆயில். பிறகு வைப்பர், ஹாரன், ஹேண்ட் பிரேக். அம்மா பட்டுச்சேலையோடு வாசலில் நின்றுகொண்டு, "ஏனுங்க, போதுமுங்க, வண்டிக்கு ஒண்ணும் ஆகாதுங்க" என்று பத்துத் தடவை சொல்வாள். "பார்த்துட்டாப் போச்சு" என்று பத்துத் தடவையும் அப்பா ஒரே பதிலைச் சொல்வார்.

நாங்கள் ஏறுவதற்கு முன் கடைசியாக வருவது விளக்குகள். அது என் வேலை. அப்பா உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போடுவார். நான் வண்டிக்குப் பின்னால் நின்று, எரிகிறதா என்று பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். இடது இன்டிகேட்டர், வலது இன்டிகேட்டர், ரிவர்ஸ், பிரேக். எங்கள் வீடு இருந்தது மேட்டுச் சந்து. மேல்வரிசை வீட்டுப் பிள்ளைகள் ஜன்னலில் சாய்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். நான் "எரியுதுப்பா" என்று கத்தினால் மேலிருந்து நாலைந்து குரல்கள் "எரியுதுப்பா" என்று திருப்பிக் கத்தும். ஆறாம் வகுப்பு படிக்கிற ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது என்று நினைத்திருந்தேன்.

அந்த நாள் சித்தப்பாவுக்கு நிச்சயதார்த்தம். பெண் வீடு கூடலூரில். பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் தட்டு மாற்ற வேண்டும் என்று நேரம் குறித்திருந்தார்கள். மற்ற சொந்தக்காரர்கள் கோயம்புத்தூரிலிருந்து வேனில் முதல் நாளே போய்விட்டார்கள். மாப்பிள்ளையும், தட்டுகளும், அப்பாவின் அக்காவான அத்தையும் எங்கள் காரில். அத்தை இல்லாமல் எங்கள் குடும்பத்தில் எதுவும் ஆரம்பிக்காது. அன்று அதிகாலை ஐந்து மணிக்கே தலையில் பூ வைத்துத் தயாராகிவிட்டாள்.

ஆறரைக்கு அப்பா நாணயத்தோடு முதல் டயரிடம் குனிந்தார். ஆறே முக்காலுக்குத் தேங்காயும் பழமும் அடுக்கிய தட்டுகளை இறக்கி, ஸ்டெப்னியை அமுக்கிப் பார்த்தார்.

"ஏன்டா தம்பி, கல்யாணத்துக்குப் போறமா, வண்டிக்குச் சீக்குப் பாக்கறமா?" என்றாள் அத்தை.

"இறக்கத்துல முப்பத்தஞ்சு வளைவு இருக்குக்கா. பார்த்துட்டாப் போச்சு."

சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா வானத்தைப் பார்த்தாள். அப்போது தூறல் விழ ஆரம்பித்தது. நான் புதிதாகத் தைத்த பாவாடையில் இருந்தேன், மாம்பழ நிறப் பட்டு. மேல் ஜன்னலில் இரண்டு தலைகள் ஏற்கெனவே முளைத்திருந்தன. அப்பா உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, "கண்ணு, பின்னால போய் நில்லு சாமி" என்றார்.

நான் பின்னால் போகவில்லை. பக்கத்து வீட்டு ஓட்டுச் சாய்ப்பின் கீழே நனையாமல் நின்றுகொண்டேன். அங்கிருந்து வண்டியின் முன்பாதிதான் தெரியும்.

"இடது?"

"எரியுதுப்பா."

"வலது?"

"எரியுதுப்பா."

"ரிவர்ஸ்? பிரேக்? நல்லாப் பாரு கண்ணு, ரெண்டும் எரியுதா?"

"எரியுதுப்பா, எரியுதுப்பா, எல்லாம் எரியுது!"

வகுப்பில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' சொல்வதுபோலத்தான் சொன்னேன். அதில் பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. இத்தனை மாதமாக எரிந்த விளக்கு இன்றைக்கு மட்டும் எரியாமல் போய்விடுமா என்ன.

வண்டி அப்படியும் நகரவில்லை. பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்பது அட்டையின் கடைசி வரி. அந்த நாளில் ஊட்டி மலையில் பின்சீட்டு பெல்ட் போட்டவர்கள் நாங்கள் மட்டும்தான் என்று அடித்துச் சொல்வேன். அம்மா சண்டை போட்டு அலுத்துப்போய் மாட்டிக்கொண்டாள். நடுவில் இருந்த எனக்கு இடுப்புப் பட்டை. அத்தை மட்டும், "பட்டுச்சேல கசங்கும்டா" என்றாள். அப்பா சாவியைத் திருப்பாமல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தை பெருமூச்சு விட்டபடி பெல்ட்டை இழுத்து மார்பின் குறுக்கே போட்டு, நுனியை மாட்டாமல் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வண்டி கிளம்பியது.

ஊட்டியைத் தாண்டும்வரை வெயில் வந்து வந்து போனது. பைக்காரா தாண்டி நடுவட்டத்தில் இறங்கத் தொடங்கியபோது மூடுபனி வந்து சாலையை மறைத்துவிட்டது. அப்பா ஹெட்லைட்டைத் தணித்துப் போட்டு, இரண்டாவது கியரில் உருட்டிக்கொண்டு போனார். பின்னால் வந்த எத்தனையோ வண்டிகள் ஹாரன் அடித்து முந்திப் போயின. "ண்ணா, மணி ஒம்பதே முக்கால்" என்றார் சித்தப்பா. அப்பா கியரை மாற்றவில்லை.

ஒரு வளைவு திரும்பியதும் சாலையின் நடுவில் கறுப்பாக ஏதோ நின்றது. காட்டெருமை. எங்கள் காரைவிட உயரமாக, நகரும் எண்ணமே இல்லாமல், எங்களைத் திரும்பிப் பார்த்தது. அப்பா பிரேக்கை மிதித்தார். வண்டி ஆடாமல், வழுக்காமல், அதற்கு நாலடி முன்னால் அழகாக நின்றது. 'அப்பா நல்லா நிறுத்தினார்' என்று நினைத்த ஞாபகம்கூட இருக்கிறது.

அடுத்த கணம் பின்னாலிருந்து இடித்தது. கண்ணாடி நொறுங்கும் சத்தம், தட்டுகள் உருளும் சத்தம், அம்மாவின் அலறல். இடுப்புப் பட்டை என் வயிற்றை இறுக்கிப் பிடித்தது. அத்தையைப் பிடிக்க ஒன்றும் இல்லை. பின்னால் போய் முன்னால் வந்து, முன்சீட்டின் தலைப்பகுதியில் முகம் மோதியது. அவள் நிமிர்ந்தபோது உதடு கிழிந்து ரத்தம் சேலை முழுக்க வழிந்தது. முன்பல் ஒன்று பாதியாகிவிட்டது.

எங்கள்மேல் இடித்தது முட்டைக்கோஸ் ஏற்றிய ஒரு ஜீப். மூட்டைகள் அவிழ்ந்து முட்டைக்கோஸ்கள் மூடுபனிக்குள் உருண்டுகொண்டிருந்தன. காட்டெருமை அவற்றில் ஒன்றை முகர்ந்துவிட்டு, தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் சரிவில் இறங்கிப் போனது.

சித்தப்பா பாய்ந்து இறங்கி ஜீப் ஓட்டி வந்தவரின் சட்டையைப் பிடித்துவிட்டார். "கண்ணு தெரியாதாய்யா உனக்கு?"

அவர் கூடலூர்ப் பக்கத்து மலையாளி, அப்பா வயது இருக்கும். சித்தப்பாவின் கையை விலக்கப் பார்த்தார். "சேட்டா, நிங்ஙள் பிரேக் பிடிச்சது எனிக்கு எப்படி அறியும்? பிரேக் லைட்டு ஒண்ணும் கத்தியில்லல்லோ! சத்தியமாட்டு, ரெண்டும் எரியலை!"

"பொய் சொல்றான்!" என்றாள் அம்மா, அத்தையின் வாயில் முந்தானையை வைத்து அழுத்தியபடி. "காலையில முக்கா மணி நேரம் பார்த்துட்டுத்தானே கெளம்புனோம்!"

சித்தப்பாவின் கை ஓங்கியது. "நில்லுடா" என்றார் அப்பா. அவ்வளவு உரக்க அவர் பேசி நான் கேட்டதில்லை. "பின்னால நின்னு பாரு. நான் மிதிக்கறேன்."

அவர் போய் உட்கார்ந்து மிதித்தார். உடையாமல் இருந்தது வலது பக்க விளக்கு. எல்லோரும் அதையே பார்த்தோம். நானும் பார்த்தேன், அன்று முதல் தடவையாக. ஹெட்லைட்டோடு சேர்ந்து எரியும் மங்கலான சிவப்பு அப்படியே இருந்தது. மிதித்ததும் பளிச்சென்று கூட வேண்டும், கூடவில்லை. மறுபடி மிதித்தார். மறுபடியும் அதேதான்.

சித்தப்பாவின் கை தானாக இறங்கியது. இப்போது அப்பா என்னைத் திரும்பிப் பார்ப்பார், எல்லோர் முன்னாலும் கேட்பார், நான் சாய்ப்பின் கீழே நின்றது தெரிந்துவிடும் என்று காத்திருந்தேன். அவர் இறங்கி வந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. ஜீப்காரரிடம் போய், "உங்க மேல தப்பில்லைங்க. எங்க லைட்டுதான் எரியலை" என்றார். பிறகு குனிந்து முட்டைக்கோஸ்களைப் பொறுக்க ஆரம்பித்தார். நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பிய வேட்டியோடு.

கூடலூரில் அத்தையின் உதட்டில் நாலு தையல் போட்டார்கள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தட்டு மாற்றினோம். அத்தை வாயைத் துணியால் பொத்திக்கொண்டு மேடையில் நின்றாள். பேச முடியாததால் கண்களாலேயே அப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் அப்பாவும் சித்தப்பாவும் வண்டியை ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்கள். நானும் போனேன். பெண் வீட்டில் இருந்தால் அத்தையின் பக்கத்தில் உட்கார வேண்டுமே. மெக்கானிக் பிரேக் பெடலுக்கு மேலே டார்ச் அடித்து, ஒரு ஒயரை வெளியே இழுத்துக் காட்டினார்.

"எலி கடிச்சிருக்குங்க. குளிருக்கு உள்ள வந்து படுக்கும். அதான் ரெண்டு பக்கமும் எரியலை." ஒயரின் நுனியை விரலில் தேய்த்துப் பார்த்தார். "இது இன்னைக்கு நேத்துக் கடிச்சதில்ல. செம்பு பச்சையாயிருக்கு பாருங்க. நாலஞ்சு நாளாவது ஆயிருக்கும்."

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். "அப்ப காலையில?"

"காலையில எரிஞ்சுதுடா" என்றார் அப்பா.

"இல்ல சார், இது முழுசா அறுந்து..."

"எரிஞ்சுதுங்க. நானே பார்த்தேன்."

மெக்கானிக் டார்ச்சை அணைத்தார். அப்பாவைப் பார்த்தார், அவர் அருகில் பாவாடை கசங்கி நின்ற என்னைப் பார்த்தார். "சரிங்க, வழியில அறுந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடி பெடலுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் அத்தை அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. "முக்கா மணி நேரம் வண்டியத் தடவித் தடவிப் பார்த்தான், எரியாத லைட்டு அவன் கண்ணுக்கு எரிஞ்சுதாம்!" என்பாள். கட்டின பல் தெரியச் சிரிப்பாள். தொடைக்கு அடியில் செருகிய பெல்ட்டைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. அதைச் சொன்னால் என்னுடையதையும் சொல்ல வேண்டியிருக்கும். பந்தல் முழுக்கச் சிரிக்கும். அப்பாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்.

என்னை அவர் மறுபடி விளக்குப் பார்க்கக் கூப்பிடவே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வண்டியின் பின்பக்கத்தைப் பக்கத்து வீட்டு வெள்ளைச் சுவரைப் பார்க்க நிறுத்தி, மிதித்துவிட்டு, சுவரில் விழும் சிவப்பைக் கண்ணாடியில் தானே பார்த்துக்கொண்டார். மேல் ஜன்னல் பிள்ளைகளிடமிருந்து விடுதலை கிடைத்தது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அப்பாமேல் எனக்கு எரிச்சல்கூட வந்தது. இத்தனை கண்டிப்பான மனிதர், தன் மேல் தப்பு என்றதும் ஊர் பேர் தெரியாத ஒரு மெக்கானிக்கிடம் கூசாமல் பொய் சொல்கிறாரே, தன் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ள என்று நினைத்தேன். பிரேக்கை மிதித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குப் பின்விளக்கு தெரியாது என்பது அப்போதே எனக்குத் தெரியும். அதற்காகத்தானே என்னைப் பின்னால் நிற்கச் சொன்னார். அப்படியிருந்தும், அந்தப் பொய் யாருக்காக என்று அன்று எனக்குத் தெரியவில்லை.