துட்டி வீட்டிலிருந்து வந்த வரி

என் மகளின் கல்யாணப் பத்திரிகையில், நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் அவளுடைய தாய்மாமனின் பெயரைக் கறுப்புக் கட்டத்துக்குள் போட்டு அச்சடிக்க வைத்தவன் நான். பழியை அச்சகத்தின்மேல் போட முயன்றேன். அந்தக் கேவலத்தையும் சொல்லிவிடுகிறேன்.

முப்பது வருடமாகப் பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதிப் பிழைப்பவன். பேருந்து நிலையக் கழிப்பறைப் பலகையில் இருக்கும் பிழையைக்கூட நின்று திருத்துகிற வியாதி எனக்கு உண்டு. அதனால் கல்யாணப் பத்திரிகையை நானே கணினியில் அமைத்து, பென்டிரைவில் போட்டுக்கொண்டு, ரத வீதியில் இருக்கும் அச்சகத்துக்குப் போனேன். அங்கே டி.டி.பி. பார்க்கும் பெண்ணிடம், "ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது" என்று கட்டளையிட்டேன். "சரி அண்ணாச்சி" என்றாள். அந்தச் 'சரி'யில் என்ன இருந்தது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வினை ஒரே ஒரு வரியில் வந்தது. என் மனைவியின் அண்ணன் திருவேங்கடம் என்ற ஊரில் இருக்கிறார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் பெயரைப் போடுவது என்றால் இனிஷியல் இரண்டு, பட்டம் மூன்று, வகித்த பதவி, வகிக்கும் பதவி, ஊர்க் கோயில் கமிட்டித் தலைமை என்று ஒரு ஊர்வலமே வர வேண்டும். அந்த ஊர்வலத்தை நான் ஏற்கனவே ஒரு தடவை டைப் அடித்திருந்தேன், போன வருடம் என் மாமனாரின் பதினாறாம் நாள் கார்டுக்கு. அது கணினியிலேயே கிடந்தது. மறுபடி யார் அடிப்பது? கார்டைத் திறந்தேன், வரியை இழுத்தேன், காப்பி, பேஸ்ட். இரண்டு நொடி. அறிவியலை வாழ்த்தினேன்.

கருமாதிக் கார்டு எங்கள் பக்கம் கறுப்பு மையில்தான் அடிப்போம். கல்யாணக் கார்டில் கறுப்பு மை ஒரு சொட்டுக்கூடக் கூடாது. நான் போட்டிருந்தது அடர் குங்கும நிறம். ஐம்பதைத் தாண்டிய கண்ணுக்குத் திரையில் குங்குமமும் கறுப்பும் ஒன்றாகத்தான் தெரிந்தன. வரியைச் சுற்றி மெல்லிய கட்டம் ஒன்று தெரிந்தது உண்மை. அது கணினி தன் வசதிக்காகக் காட்டும் கட்டம், அச்சில் வராது என்று முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை. நிறையப் படித்தவன் யாரைக் கேட்பான்?

இதை எழுதும்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. காப்பி என்றால் எழுத்தை எடு. எழுத்தோடு சேர்ந்த துக்கத்தை யார் எடுக்கச் சொன்னது? மையின் நிறம், கட்டம், வரி இடைவெளி என்று இழவு வீட்டின் பந்தலையே பிடுங்கிக்கொண்டு வந்து கல்யாண வீட்டில் நட்டுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கிறது அந்த மென்பொருள். அழுக்கோடு ஒட்டுவதற்கு இரண்டு விசை, இரண்டு விரல் போதுமாம். வெறும் எழுத்தாக ஒட்ட மூன்று விசை, மூன்று விரல் வேண்டுமாம். இதை வடிவமைத்தவன் வீட்டில் யாருமே செத்ததில்லையா, அல்லது யாருக்குமே கல்யாணம் ஆகவில்லையா?

முதல் பத்திரிகையைக் கோயிலில் வைத்தோம். இரண்டாவது பத்திரிகை தாய்மாமனுக்கு. அவர் மாலை போடாமல் பெண் மணவறை ஏறுவது எங்கள் வழக்கத்தில் கிடையாது. தட்டில் வெற்றிலை, பழம், பூ எல்லாம் வைத்து, நானும் மனைவியும் வண்டியில் திருவேங்கடம் போனோம். மைத்துனர் கார்டைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"ஏன் மாப்ள, எனக்கு என்னிக்குவே பதினாறு?"

வாங்கிப் பார்த்தேன். அச்சில் வராது என்று நான் தீர்ப்பளித்த கட்டம் அழுத்தமாக வந்திருந்தது. உள்ளே அவர், கரிக் கறுப்பில்.

"பிரஸ்காரங்க பண்ணின கூத்து அத்தான்" என்று சொல்லி, அங்கேயே போனைப் போட்டு, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரிலும் வைத்தேன். மடத்தனத்துக்கு அளவு உண்டா?

"என்னம்மா அடிச்சு வச்சிருக்கிய? கல்யாணக் கார்டுல கறுப்புக் கட்டம் வருமா?"

"நீங்கதான அண்ணாச்சி ஒரு புள்ளியக்கூட தொடாதியன்னு சொன்னிய? எனக்கும் பாத்ததும் திக்குன்னுதான் இருந்துச்சு. எழுத்தாளர், ஏதோ புதுமையா பண்ணுதாவன்னு விட்டுட்டேன்."

"என்ன புதுமை?"

"ஒங்க மாமனார் பதினாறு கார்டும் நாங்கதான அடிச்சோம். அதுல இருந்து அந்த வரிய எடுத்து ஒட்டியிருக்கிய. அதே பார்டர். மொதல்ல நோட்பேடுல ஒட்டி, அங்கன இருந்து எடுத்திருக்கணும். அதுல கலரு, கட்டமெல்லாம் போயி வெறும் எழுத்து மட்டுந்தான் நிக்கும். துட்டி வீட்டுக்குப் போயிட்டு குளிக்காம உள்ள வருவமா அண்ணாச்சி? எழுத்துக்கும் அப்படித்தான்."

போனை அணைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று எனக்கு மறந்துபோயிற்று. மனைவி கையை நீட்டி அணைத்தாள்.

"அப்போ எம்பேர எழுதக்கூட ஒமக்கு நேரமில்ல" என்றார் மைத்துனர். குரல் உயரவில்லை. "எங்கப்பா கருமாதிக் கார்டுல இருந்து உருவிட்டீரு. கட்டம் போட்டத விட்டுரலாம்வே, அது மிசினு. உருவுனது நீரு. கார்டு இருக்கட்டும், தட்ட எடுத்துட்டுப் போங்க."

அவர் சொன்னதில் திருத்த எனக்கு ஒரு எழுத்துக்கூட அகப்படவில்லை.

எங்கள் வீட்டு வாசலில் இறங்கியதும் மனைவி, "அண்ணன் வரலன்னா நானும் மேடைக்கு வரமாட்டேன். அங்கன ஒட்டுறதுக்கு வேற ஒரு அம்மாவ எங்கன இருந்தாவது எடுத்துக்கோங்க" என்றாள்.

அன்று மாலை உட்கார்ந்து முழுப் பத்திரிகையையும் புதிதாக அடித்தேன். தேதியைக்கூடக் காப்பி செய்யவில்லை. மைத்துனரின் பட்டங்களை ஒவ்வொரு புள்ளியாக, விசைப்பலகை உடைகிற மாதிரி, கணினியைத் திட்டித் திட்டி அடித்தேன். கோபம் நியாயமானதுதான், ஆனால் சரியான ஆள்மேல் இல்லை என்பதும் தெரிந்தே இருந்தது. மறுநாள் அச்சகத்தில் அந்தப் பெண், நான் பார்க்கப் பார்க்கவே மொத்தத்தையும் நோட்பேடில் ஒட்டி எடுத்தாள். "எதுக்கும் ஒரு தடவ குளிப்பாட்டிருவோம் அண்ணாச்சி" என்றாள். இந்தத் தடவை நான் புள்ளியைப் பற்றி எதுவும் பேசவில்லை. காகிதம் ரோஸ், எழுத்து குங்குமம், எங்கும் கறுப்பு இல்லை.

மறுபடியும் திருவேங்கடம். "நானே அடிச்சேன் அத்தான், எழுத்து எழுத்தா" என்றேன். அவர் கார்டைத் திறக்கவே இல்லை. தங்கையின் முகத்தைப் பார்த்தார். தட்டை வாங்கிக்கொண்டார். "வாரேன்" என்றார். அவ்வளவுதான்.

வந்தார். மாலை போட்டார். மகள் அவர் காலில் விழுந்தபோது அவருக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். பாயசம் வந்த பிறகுதான் பேசினார்.

"மாப்ள, ரெண்டாவது கார்டுல ஒண்ணுமே வெளங்கலவே. செவப்புல செவப்பு. மொதக் கார்டுல எம்பேரு ஒண்ணத்தான் கண்ணாடி இல்லாம படிக்க முடிஞ்சுது. அதத்தான் பீரோவுல வச்சிருக்கேன்."